மூணு வாக்கு மாஸ்டர்

எங்கள் பக்கத்தில் புது ஆளைப் பார்த்தால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பக்கம் என்றால் தெற்கு வடக்கு இல்லை. ஊரா, காலனியா என்று அர்த்தம். பதிலைப் பொறுத்துத்தான் உட்காரச் சொல்வார்கள், அல்லது நிற்க வைத்துப் பேசி அனுப்புவார்கள்.

மாஸ்டர் அதைக் கேட்கமாட்டார். யார் கேட்டாலும் சொல்லவும் மாட்டார்.

பத்தொன்பது வருஷம் அவரோடு பழகினேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. திண்டிவனத்தில் கடை வைத்திருந்தார். போர்டில் வெல்டிங் என்று மட்டும் இருக்கும். பின்னால் வந்த பையன்கள் அவரை வெல்டிங் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் டான்ஸ் மாஸ்டர்.

அவர் கடையில் வெட்டின பைப்பால்தான் என் மகன் காலை உடைத்தார்கள். அந்தப் பைப்பில் அவர் செய்திருந்த ஒரு வேலை போலீஸ் கண்ணில் படவில்லை. என் கண்ணில் பட்டது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் கிடந்தேன். எனக்காக அடி வாங்கினவர் அவர். இல்லையென்றால் போய்ச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

தொண்ணூற்று மூன்றில் நான் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கினேன். பத்தொன்பது வயது. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காலனி. வேலைக்குக் கிளம்பும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார்.

"கேட்டா கூட்டேரிப்பட்டுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

ஞாயிற்றுக்கிழமை மண்டி இல்லை. மல்லாட்டை காயவைக்கிற சிமெண்டுக் களம் காலியாகக் கிடக்கும். அதைக் கூட்டிவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நல்ல வெயில். களத்தில் ஒருத்தர் தனியாகப் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். பாட்டு இல்லை. வாயாலேயே தாளம். மூன்று எட்டு வழுக்கிக்கொண்டு பின்னால் போவார். நிற்பார். மறுபடி மூன்று எட்டு. நிற்பார். மண்டை குழம்பின ஆள் என்று நினைத்தேன்.

"இன்னா பாக்கற? வந்து ஆடு," என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"மூட்டையத் தூக்கிக்கினு படி ஏறுவியே, பாத்துக்கீறேன். ஒனக்குக் குதிகாலு தரையில படாது. மூட்டை இல்லாம அதே மாரி வா. பின்னாடி வா. அவ்ளோதான் டான்ஸு."

துடைப்பத்தைச் சாய்த்து வைத்தேன். எந்த ஊர் என்று கேட்பார், கேட்டதும் கிளம்பிவிடலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. சாயங்காலம் வரை ஆடினோம். களத்தைக் கூட்டவில்லை என்று மறுநாள் மேஸ்திரி திட்டினார்.

அந்த ஸ்டெப்புக்கு மூணு வாக்கு என்று மாஸ்டர் பெயர் சொன்னார். பாண்டிச்சேரியில் ஒரு கல்யாண வீட்டுக்கு கேட் வெல்டிங் பண்ணப் போயிருக்கிறார். அங்கே வீடியோ டெக்கில் ஏதோ வெளிநாட்டுக் கேசட் ஓடியிருக்கிறது. முன்னால் நடக்கிற மாதிரியே காலை வைத்துக்கொண்டு ஒருத்தன் பின்னால் போகிறான். கதவோரம் நின்று பார்த்தார். டெக் ஓட்டினவரிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். அவர் மூன்வாக் என்றார். இவர் காதில் மூணு வாக்கு என்று விழுந்தது. மூன்று எட்டு என்று எடுத்துக்கொண்டார். அதனால் மூன்றோடு நிறுத்தினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலேஜ் பையன் களத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூன்னா நிலா மாஸ்டர். மூணு இல்ல. நிலாவுல நடக்கற மாதிரி போய்க்கினே இருக்கணும்."

மாஸ்டர் யோசித்தார். "நிலாவுல எவ்ளோ தூரம் போவ? எங்கியாச்சும் நிக்கணும்ல?"

"நிக்கவே கூடாது மாஸ்டர்."

"அவுங்களுக்கு நிலா கீது. நமக்கு மல்லாட்டைக் களம்தான். மூணே போதும்."

அந்த வருஷம் திண்டிவனம், விழுப்புரம், விக்கிரவாண்டி எங்கே பார்த்தாலும் இந்தக் கிறுக்கு பிடித்திருந்தது. படிக்கிற பையன்களுக்கு இல்லை. லேத்தில், பஞ்சர் கடையில், லாரியில், மண்டியில் இருந்தவர்களுக்கு. நாலு பேர் சேர்ந்தால் அது ஒரு செட்டு. எங்கள் செட்டில் மாஸ்டர், நான், விக்கிரவாண்டியிலிருந்து லாரி கிளீனர் சுருட்டை, மரக்காணத்திலிருந்து மீன் வண்டிக்கு ஐஸ் உடைக்கிறவன். அவனை ஐஸ் என்றே கூப்பிட்டோம். அவன் சட்டையில் மீன் வாடை போகாது. அவன் ஆடும்போது சுருட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆடுவான். அதையும் ஒரு ஸ்டெப் என்று ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

இடுப்பில் தொளதொள, கணுக்காலில் இறுக்கம், அப்படி ஒரு பேண்ட். லுங்கி ஓரத்தைக் கிழித்துத் தலையில் பட்டை. கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்ப்போம். ஒரு கைக்கு மட்டும் உறை, பனியன் துணியில் தைத்தது. களத்தில் கேரம்போர்டு பவுடரைக் கொட்டி வழுக்குவோம். மாஸ்டர் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுவார். உருண்டையாகக் கறுப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பையன்கள் வெல்டிங் கண்ணாடி வாங்கிவிட்டார்கள். அதைப் போட்டால் பட்டப்பகலிலேயே ஒன்றும் தெரியாது. ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் விழுந்தான். விழுந்தும் கழற்றவில்லை.

செட்டில் சேர்கிறவனிடம் மாஸ்டர் சொல்வது இவ்வளவுதான்.

"பேரு கேட்டா செட்டு பேரச் சொல்லு. ஊரு கேட்டா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லு. எந்தப் பக்கம்னு கேட்டா, மேடைய விட்டு எறங்கிடு."

அவருக்குப் பெண் கொடுக்க ஒரு தடவை ஆள் வந்தார்கள். கை சுத்தமான ஆள், குடிக்கமாட்டார், சொந்தக் கடை என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். டீ வந்தது. பெண்ணின் மாமா ஆரம்பித்தார்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்ங்க."

"அது தொழிலு. பொறந்தது?"

"பொறந்தப்ப எனக்கு வெவரம் தெரியாதுங்க."

மாமா சிரித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "எங்க ஆளுங்கதானா நீங்க? அத மட்டும் சொல்லிடுங்க தம்பி."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்க உட்கார்ந்தார். பொறி பறந்தது. வந்தவர்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனார்கள். நான்கு டீயையும் ஐசும் நானும் குடித்தோம்.

"சொல்லித் தொலைக்க வேண்டிதான மாஸ்டர்?" என்றான் ஐஸ்.

"சொன்னா அந்தப் பொண்ணு மட்டுமா வரும்? மீதி எல்லாம் கூடவே வந்துடும்."

அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை.

அந்தத் திருவிழாவைச் சொல்ல வேண்டும். ஆடி மாசம். மயிலத்துக்கு அந்தண்டை ஒரு ஊர், பேர் வேண்டாம். அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு நாலு மணிக்கு எங்கள் ஆட்டம். கோயிலை ஒட்டிப் பலகை மேடை. முதல் பாட்டு முடிந்தது. விசில். இரண்டாவது பாட்டுக்கு முன்னால், வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் மேடைக்குக் கிட்டே வந்தார். மண்டிக்கு மல்லாட்டை கொண்டுவருகிறவர். என்னைப் பார்த்துவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"தம்பி, கடைசில நிக்கிறானே அவன் எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்ங்க."

"வெளையாடாத. இவன் அப்பனையே எனக்குத் தெரியும். காலனி. மேடை கோயில் எடத்துல கீது. ஆட வேணாங்கல. அவன் மட்டும் கீழ நின்னு ஆடட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

நான் இறங்கப் போனேன். மாஸ்டர் என் தோளில் கை வைத்து நிறுத்தினார். அவர் முதலில் குதித்தார். சுருட்டையும் ஐசும் குதித்தார்கள். கடைசியாக நான்.

"எல்லாருமே கீழ ஆடறோம்ங்க. காலு தரையிலதான வைக்கணும்," என்றார்.

மண்ணில் வழுக்காது. ஷூவைக் கழற்றிவிட்டு ஆடினோம். புழுதி கிளம்பியது. முன்வரிசைக்குத் தெரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலில் சில்லுண்டிகள் மேடையில் ஏறினார்கள். பிறகு பெரிய பையன்கள். பிறகு பொம்பளைகள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கடைசியில் ஊரே மேடைமேல் நின்றது. நாங்கள் நாலு பேர் கீழே ஆடினோம். ஒரு பலகை உடைந்தது. வெள்ளை வேட்டிக்காரரும் மேடையில் ஏறி நின்றுதான் பார்த்தார். அவருக்கும் வேறு வழியில்லை.

அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆடினதில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே நானும் மாஸ்டரும் முன்னால் கிளம்பினோம். ஏரிக்கரையில் ஏழெட்டுப் பேர் சவுக்குக் கட்டையோடு நின்றார்கள். தேடினது என்னைத்தான். மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

"நீ எந்தப் பக்கம்டா?"

அவர் பேசவில்லை.

"நம்ம ஆளா இருந்தா சொல்லிட்டு ஒதுங்கிக்க. ஒன்ன ஒண்ணும் பண்ண மாட்டோம். அவன வுட்டுட்டுப் போ."

பேசவில்லை. ஆமாம் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். விட்டிருப்பார்கள். அவர் என் பக்கம் திரும்பாமல் "ஓடு" என்று மட்டும் சொன்னார்.

நான் ஓடினேன்.

அவரை வலது முட்டியில் அடித்திருந்தார்கள். எண்ணெய்க் கட்டு போட்டு மூன்று மாசம் படுத்திருந்தார். எழுந்தபோது கால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. தகர டிரம்மைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்துகொண்டு ஸ்பேனரால் தாளம் தட்டுவார். நாங்கள் ஆடுவோம். அன்றைக்கு ஏரிக்கரையில் நடந்ததை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த வருஷம் சுருட்டை வந்து நின்றான்.

"மாஸ்டர், எங்க ஊர்ல பசங்க ஒரு செட்டு ஆரம்பிக்கிறானுங்க. என்னைய சொல்லிக் குடுக்கச் சொல்றானுங்க."

"குடு."

"எங்க ஆளுங்க மட்டும்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் பார்த்தான்.

"எத்தினி பேரு?"

"எட்டு."

"எட்டு பேருன்னா தள்ளித் தள்ளி நிக்க வை. கையி இடிச்சிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். சுருட்டை போனதும் ரொம்ப நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐஸ் அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். செட்டு முடிந்தது. எனக்குக் கல்யாணம் ஆனது. மண்டியை விட்டுவிட்டு பந்தல் போடுகிற வேலைக்குப் போனேன். கம்பி, பைப் எது வளைந்தாலும் மாஸ்டர் கடைக்குத்தான் கொண்டுபோவேன்.

ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. ஊர் ஊருக்கு செட்டு வந்தது. ஊரில் ஒன்று, காலனியில் ஒன்று. எல்லோரும் மூன்று எட்டோடு நிறுத்தினார்கள். விழுப்புரத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். மெட்ராசிலிருந்து வந்த நடுவர் மைக்கில் கேட்டார். "ஏன்பா, இந்தப் பக்கம் எல்லாரும் மூணு ஸ்டெப்போட நின்னுடறீங்க?" மேடையில் இருந்த எந்தப் பையனுக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எழுந்து சொல்லவில்லை.

தொளதொள பேண்ட் போனது. காலோடு ஒட்டின பேண்ட் வந்தது. தலைமுடியைப் படிப்படியாக வெட்டினார்கள், பிறகு முள் மாதிரி நிறுத்தினார்கள், பிறகு அதற்குச் சாயம் போட்டார்கள். செட்டு ரசிகர் மன்றம் ஆனது. மன்றம் பேனர் வைத்தது. செல்போன் வந்தது. அப்புறம் தவணைக்கு பைக் வந்தது. மேடை இல்லாத நாளில் சாவு ஊர்வலத்தில் பாடைக்கு முன்னால் ஆடினார்கள். பிறகு அதுவே முதல் மேடை ஆகிவிட்டது.

மாஸ்டர் கடையில் இப்போது பைக் வேலைதான். சைலென்சரை அறுத்துச் சத்தம் ஏற்றுவது, பின்னால் கம்பி வைப்பது. இரண்டு பக்கத்துப் பையன்களும் வந்தார்கள். ஊர்ப் பையன்கள் மணிக்கட்டில் ஒரு கலர் கயிறு. காலனிப் பையன்கள் இன்னொரு கலர். வண்டியில் ஸ்டிக்கர். யாரும் யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதே இல்லை. வண்டியிலேயே எழுதியிருந்தது.

"இதெல்லாம் படிக்க மாட்டீங்களா மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணாடி போட்டா ஒண்ணும் தெரியாதுடா," என்றார்.

அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன்.

என் மகனுக்குப் பதினேழு வயது. பத்தாவதோடு நின்று பெயிண்ட் அடிக்கப் போனான். முன்முடியில் செம்பட்டைச் சாயம். கையில் கயிறு. ஒருநாள் வீட்டு வாசலில் செல்லில் பாட்டு வைத்து ஆடினான். பின்னால் மூன்று எட்டு. நின்றான்.

"யார்டா சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லணும்? எல்லாரும் இப்டித்தான்பா ஆடுவாங்க."

"அதுக்குப் பேரு என்னா?"

"பேருல்லாம் இல்ல. போப்பா, ஒனக்கு என்னா தெரியும்?"

அந்த மாசமே எங்கள் காலனியில் ஒரு சாவு. பாடை ஊர் முனையைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். ஊர் முனையில் எங்கள் பையன்கள் வேண்டுமென்றே நின்று ஒரு பாட்டு அதிகமாக ஆடினார்கள். என் மகன் முன்னால் ஆடினான். பெரியவர்கள் சொல்லியும் நகரவில்லை. யார் வீட்டு வாசலிலோ பட்டாசு போட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில் மதகுக்குப் பக்கத்தில் என் மகன் வண்டியை மறித்தார்கள். ஊர்ப் பையன்கள் ஆறு பேர், மூன்று பைக். தலையில் அடிக்கவில்லை. கையில் அடிக்கவில்லை. இரண்டு காலிலும் மட்டும் அடித்தார்கள். "இப்ப ஆடுடா" என்று சொன்னார்களாம். இடது காலில் எலும்பு வெளியே வந்திருந்தது. விழுப்புரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். காலை எடுக்காமல் பார்க்கிறோம், நடப்பான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இரண்டு பேர் அன்றைக்கே பிடிபட்டார்கள். ஸ்டேஷனில் என்னைக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். மேஜையில் நாலு பைப் கிடந்தது. இரண்டரை அடி நீளம். பைக்கில் கொடி கட்டுவதற்கு என்று சொல்லி மாஸ்டர் கடையில் வெட்டினதாகப் பிடிபட்டவன் சொல்லியிருந்தான். மாஸ்டரையும் விசாரித்துவிட்டார்கள். கொடிக்கு என்றார்கள், வெட்டிக் கொடுத்தேன், எந்த ஊர்ப் பையன்கள் என்று தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அவரை விட்டுவிட்டார்கள்.

எழுதி வாங்கின ரைட்டர் உள்ளே போன நேரத்தில் நான் ஒரு பைப்பின் முனையைத் தொட்டேன். பைப்பை அறுத்தால் முனையில் பிசிறு நிற்கும். கத்தி மாதிரி இருக்கும். பந்தலுக்கோ கொடிக்கோ அறுக்கிற பைப்பில் அதை யாரும் எடுக்கமாட்டார்கள். இதில் எடுத்திருந்தது. அரம் போட்டு வழவழவென்று ராவியிருந்தது. மறுமுனையைத் தொட்டேன். அங்கே பிசிறு அப்படியே இருந்தது. விரலில் ரத்தம் வந்தது. நாலு பைப்பும் அப்படித்தான். ஒரு முனை வழவழப்பு, ஒரு முனை பிசிறு. கொடித்துணி கட்ட ஓட்டை எதிலும் இல்லை.

நேராகக் கடைக்குப் போனேன். மாஸ்டர் டிரம்மில் உட்கார்ந்திருந்தார். நான் உட்காரவில்லை.

"கொடிக்குன்னாங்களா?"

"அப்டித்தான் சொன்னானுங்க."

"பிசிறு எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான் எடுத்தேன். புடிக்கிற கைய கிழிச்சிடும்ல."

"யாரு கைய?"

"கேக்கல."

"யாரு காலுன்னும் கேக்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரோட்டில் ஒரு பையன் வண்டியை முறுக்கிக்கொண்டு போனான். அவர் அறுத்துக் கொடுத்த சைலென்சர் சத்தம்.

"கேட்டிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"கேட்டா சொல்லுவானுங்க. சொன்னா வெட்ட முடியாது. வெட்டலன்னா கடைய கொளுத்திட்டுப் போவானுங்க." கையிலிருந்த அழுக்கைப் பார்த்தபடி சொன்னார். "அதுக்குத்தான் கேக்கல."

"மறு முனைய ஏன் ராவல மாஸ்டர்?"

அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். நான் நின்று பார்த்தேன். சொல்லவில்லை.

"என் பையன்னு தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கிளம்பினேன். முதுகுக்குப் பின்னால் சொன்னார். "ஸ்டேஷன்ல சொல்லணும்னா சொல்லு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். என் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அந்தாளு ஒனக்காக முட்டியக் குடுத்தவரு. இல்லங்கல," என்றாள். "அதுக்கு என் புள்ள ரெண்டு காலயும் குடுக்கணுமா?"

"அவரு அடிக்கல."

"கைப்பிடி போட்டுக் குடுத்தாரு."

மகனுக்கு மருந்து வேகத்தில் கண் திறக்க முடியவில்லை. தூக்கத்தில் கட்டை விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது காலில் அசைந்தது. இடது காலில் அசையவில்லை. 

மூன்றாம் நாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். பைப்பை எடுக்கச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கையைப் பிடித்து இந்த முனையைத் தொடச் சொன்னேன். பிறகு அந்த முனையை. அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை.

"அடப்பாவி, கைப்பிடி," என்றார். ஜீப்பை அனுப்பினார்.

ரைட்டர் பேப்பரை எடுத்தார். "பி.சி.ஆர். வன்கொடுமை கேசுல அந்தாளு பேரயும் சேக்கணும். அவன் ஊரா, காலனியா?"

"தெரியாதுங்க."

"காலனி ஆளா இருந்தா பி.சி.ஆர். அவன் மேல நிக்காது. வேற செக்‌ஷன் போடணும். அதான் கேக்கறேன். எத்தினி வருசமா பழக்கம்?"

"பத்தொம்போது வருசம்ங்க."

"பத்தொம்போது வருசமா என்னா ஆளுன்னே தெரியாம பழகினியா?"

"ஆமாங்க."

"கதை விடாதய்யா."

ஜீப் வந்தது. மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு படி ஏறினார். வேலையிலிருந்து அப்படியே கூட்டி வந்திருந்தார்கள். சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். என்னைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து, ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் சுவரோரம் நின்றேன்.

"பையன் காலு ஊன்றானா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

ரைட்டர் மேஜையைத் தட்டினார். "இங்க பாருய்யா. கேக்கறதுக்கு பதில் சொல்லு. ஒம் பேரு, அப்பன் பேரு, எந்த ஊரு, அந்த ஊர்ல எந்தப் பக்கம். வரிசையா சொல்லு. இது கேசு, சொல்லித்தான் ஆவணும்."

மாஸ்டர் பேனா முனையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

நான் வெளியே வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. படி வரைக்கும் குரல் வரும் என்று தோன்றியது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன். விழுப்புரம் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. லாரிகள் தீருகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.